கட்டம் நிறைய டிக்: பட்டறையில் புது நடைமுறை ஏன் ஆறு மாதத்தில் படுத்துவிடுகிறது?

கேள்வி இதுதான்: கோவைப் பக்கம் 40 பேர் வேலை செய்யும் சி.என்.சி. (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் உலோகம் வெட்டும் மெஷின்) பட்டறை. இரண்டு வருடம் முன்பு ஆலோசகர் ஒருவரை வைத்து ஃபைவ் எஸ் (வேலையிடத்தை ஒழுங்காக வைக்கும் ஐந்து படி), கைசன் (சின்னச் சின்னதாகத் தொடர்ந்து மேம்படுத்துவது), வேலைமுறைக் குறிப்பு, செக் ஷீட் (தினம் பார்த்து டிக் போடும் தாள்) எல்லாம் கொண்டுவந்திருக்கிறார்கள். ஆறேழு மாதம் நன்றாக ஓடியது. இப்போது பழைய கதை. மறுபடி ஆலோசகரைக் கூப்பிடுவதா, சொன்னதைச் செய்யாத ஆட்களை மாற்றுவதா என்று கேட்கிறார் முதலாளி.

இரண்டுமே இப்போதைக்கு வேண்டாம். நான் 22 வருடம் தரப் பிரிவில் இருந்தவன். உங்கள் பட்டறை அளவுள்ள இடங்களில்தான் பெரும்பாலும் வேலை செய்திருக்கிறேன். நீங்கள் சொல்வது நடக்காத இடத்தை இன்னும் பார்க்கவில்லை.

உங்கள் பட்டறையில் ஆயுத பூஜை எப்படி நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். முந்தின நாளே மெஷினை நிறுத்தி, சிப்ஸை வாரி, பனியன் வேஸ்ட்டை வைத்துத் தேய்த்துத் துடைப்பார்கள். ஆறு மாதமாகத் தேடிக்கொண்டிருந்த பிளக் கேஜ் (துளை அளவு பார்க்கும் கருவி) லேத்துக்குப் பின்னால் கிடைக்கும். கூடவே மூன்று ஸ்பேனர், ஒரு டிபன் டப்பா மூடி. எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், பொரி. தீபாவளி போனஸ் கணக்கு முடிவதற்குள் அந்த கேஜ் மறுபடி காணாமல் போயிருக்கும். வேண்டாததை ஒதுக்குவது, ஒவ்வொன்றுக்கும் இடம் குறிப்பது, துடைத்து வைப்பது என்று ஃபைவ் எஸ்ஸின் முதல் மூன்றும் நம் ஆட்களுக்குத் தெரியாததே இல்லை. வருடா வருடம் செய்கிறார்கள். அதை முறையாக்குவதும், ஆக்கிய முறையை விடாமல் இருப்பதும்தான் நான்காவது, ஐந்தாவது எஸ். உங்கள் கேள்வி முழுக்க அங்கேதான் இருக்கிறது.

நாளைக் காலையில் ஒரு வேலை செய்யுங்கள். ஏதாவது ஒரு மெஷினின் போன மாதச் செக் ஷீட்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். எல்லா டிக்கும் ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே அழுத்தம் என்றால் அது தினமும் போட்டது இல்லை. சனிக்கிழமை உட்கார்ந்து மொத்தமாகப் போட்டது.

இதை நான் கண்டுகொண்டது ஒரு கூலன்ட் (வெட்டும்போது சூடு தணிக்க ஊற்றும் தண்ணீர்க் கலவை) கட்டத்தால்தான். ஒரு பட்டறையில் 'கூலன்ட் அடர்த்தி' என்ற வரியில் மாதம் முழுக்க 6, 6, 6 என்று எழுதியிருந்தது. கூலன்ட் டேங்க்கைத் தினம் பார்ப்பவர்களுக்குத் தெரியும், அப்படி நிற்கவே நிற்காது. வெயிலில் தண்ணீர் ஆவியாகி அடர்த்தி ஏறும். யாரோ ஒரு வாளிப் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் இறங்கும். ரொம்ப இறங்கினால் ஜாப் (வெட்டும் பாகம்) துருப்பிடிக்கும், டேங்க் நாறும். ரொம்ப ஏறினால் கை அரிக்கும். இதில் நாள் தவறாமல் 6 வருவதற்கு வழியே இல்லை. நைட் ஷிஃப்டில் போய் ஆபரேட்டரிடம் கேட்டேன். கோபப்படாமல் கேட்டதால் உண்மையைச் சொன்னார்.

"மீட்டரு கியூ.சி. ரூம்ல பூட்டிக் கெடக்குதுங்க. சாவி அந்த அண்ணங்கிட்ட. அவரு ஆறு மணிக்கே போயிருவாருங்க. கட்டத்த வெறுமனே உட்டா காலைல கேப்பாங்க. அதான் ஆறுன்னு போட்டுர்றது."

இந்த ஆளை மாற்றினால் அடுத்து வருபவரும் 6 என்றுதான் எழுதுவார். காகிதத்தில் இருந்த நடைமுறை ராத்திரியில் செய்யவே முடியாத நடைமுறை. அதை எழுதியவர் பகலில் உட்கார்ந்து எழுதியவர். அடர்த்தி பார்க்கும் அந்தக் கை ரிஃப்ராக்டோமீட்டர் பெரிய விலை இல்லை. இன்னொன்று வாங்கி மெஷின் பக்கத்தில் ஆணியில் மாட்டினோம். அந்த மீட்டர் காட்டும் எண்ணை கூலன்ட் கம்பெனி தரும் காரணியால் பெருக்கினால்தான் அடர்த்தி கிடைக்கும். அந்தப் பெருக்கலும் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. பெருக்கிய அட்டவணையைப் பக்கத்திலேயே ஒட்டினோம். அடுத்த வாரம் ஷீட்டில் 4 வந்தது, 9 வந்தது, ஒரு நாள் 'பார்க்கவில்லை, பவர் கட்' என்று வந்தது. அந்த 'பார்க்கவில்லை'யைப் பார்த்தபோதுதான் எனக்கு நிம்மதி.

நான் சொல்லவந்த விஷயமே இதுதான். காகிதம் ஒன்று சொல்கிறது, தரையில் வேறு நடக்கிறது என்றால், காகிதத்துக்குத் தெரியாத ஏதோ ஒன்று தரைக்குத் தெரிந்திருக்கிறது. அதைக் கேட்டு வாங்கிக் காகிதத்தை மாற்றிக்கொண்டே இருந்தால் நடைமுறை உயிரோடு இருக்கும். அதைக் குற்றமாக வைத்து ஆளைத் திட்டினால் அன்றிலிருந்து எல்லாக் கட்டத்திலும் டிக் விழும், உங்களுக்கு ஒன்றுமே தெரியாமல் போகும். உங்கள் நடைமுறை ஆறு மாதத்தில் கெட்டது என்று நினைக்கிறீர்கள். எனக்கென்னவோ அது இரண்டாவது மாதமே கெட்டிருக்கும், உங்களுக்குத் தெரிய மீதி நான்கு மாதம் ஆகியிருக்கும் என்று தோன்றுகிறது.

இரண்டாவதாக, அந்தச் செக் ஷீட்டில் எத்தனை வரி இருக்கிறது என்று எண்ணுங்கள். ஆலோசகர் கொடுத்தபோது பத்துப் பன்னிரண்டு இருந்திருக்கும். இப்போது முப்பதுக்கு மேல் இருந்தால் ஆச்சரியமில்லை. ஒவ்வொரு வரியும் ஏதோ ஒரு கஸ்டமர் கம்ப்ளெயின்ட்டுக்கு நட்ட நடுகல். பர் (விளிம்பில் நிற்கும் பிசிறு) எடுக்காமல் போன லாட்டுக்கு ஒன்று, திருப்பி மாட்டின ஜாப்புக்கு ஒன்று. கஸ்டமர் 'என்ன கரெக்டிவ் ஆக்ஷன்?' என்று கேட்டால் நாம் எல்லோரும் எழுதும் பதில் ஒன்றுதான்: ஆபரேட்டருக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது, செக் ஷீட்டில் சேர்க்கப்பட்டது. நானே நூறு தடவை எழுதியிருக்கிறேன், வெட்கப்பட்டு என்ன செய்ய. சேர்ப்பதற்கு ஒரு நிமிஷம் போதும். எடுப்பதற்கு மட்டும் யாருக்கும் தைரியம் வராது. ஒரு ஜாப்புக்கு மூன்று நிமிஷம் ஓடும் மெஷினில், இரண்டு மெஷின் பார்க்கும் ஆபரேட்டர், முப்பது வரியை எப்போது பார்ப்பார்?

ஒரு வரி சேர்த்தால் ஒரு வரி எடுக்க வேண்டும் என்று சட்டம் வையுங்கள். எப்படி எடுப்பது? அந்தத் தவறே நடக்க முடியாதபடி ஃபிக்ஸ்சரையோ (ஜாப்பைப் பிடித்து வைக்கும் அமைப்பு) இடத்தையோ மாற்றிவிட்டு எடுப்பது. இதற்கு ஜப்பானில் ஷிகெயோ ஷிங்கோ பெயர் வாங்கினவர். 1961-இல் யமடா எலக்ட்ரிக் என்ற கம்பெனியில் நடந்த கதையை அவர் சொல்லியிருக்கிறார். ஒரு சின்ன சுவிட்ச், உள்ளே இரண்டு ஸ்பிரிங். சில சமயம் ஒரு ஸ்பிரிங்கைப் போட மறந்து மூடிவிடுவார்கள். எத்தனையோ முறை எச்சரித்தும் நிற்கவில்லை. ஷிங்கோ செய்ததெல்லாம், வேலை தொடங்கும் முன் பெட்டியிலிருந்து இரண்டு ஸ்பிரிங்கை எடுத்து ஒரு சின்னத் தட்டில் வைக்கச் சொன்னதுதான். மூடிய பிறகு தட்டில் ஸ்பிரிங் மிச்சம் இருந்தால் மறந்துவிட்டோம் என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும். 'ஸ்பிரிங் போட்டாயா?' என்ற கட்டமே தேவையில்லை. உங்களிடம் ஜாப்பைத் திருப்பி மாட்டும் பிரச்சினை இருந்தால், ஃபிக்ஸ்சரில் ஒரு பின் அடித்தால் திருப்பி உட்காராது. பின் அடித்த அன்றே அந்த வரியை அடித்துவிடுங்கள்.

காகிதத்தை மட்டும் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஆஸ்பத்திரியிலிருந்து ஓர் உதாரணம். உலக சுகாதார நிறுவனம் அறுவை சிகிச்சைக்கென்று 19 வரி கொண்ட ஒரு சரிபார்ப்புப் பட்டியல் தயாரித்தது. டெல்லி உட்பட எட்டு நகரங்களில் எட்டு ஆஸ்பத்திரிகளில் சோதித்து 2009-இல் முடிவை வெளியிட்டார்கள். இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆக இறங்கியிருந்தது. உலகமே எடுத்துக்கொண்டது. பிறகு கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 101 ஆஸ்பத்திரிகளில் பட்டியலுக்கு முன், பின் என்று பார்த்து 2014-இல் வெளியிட்டார்கள். சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. ஏன் என்று இன்றும் வாதம் நடக்கிறது. என் கட்சி இது: முதல் எட்டு இடங்களில் ஆட்களோடு உட்கார்ந்து, அந்த இடத்துக்குத் தகுந்தபடி பழக்கினார்கள். பின்னதில் பெரும்பாலும் மேலிருந்து உத்தரவு வந்தது. ஒரே பட்டியலை ஒருவர் வாய்விட்டுக் கேட்டுச் சரிபார்க்கலாம், இன்னொருவர் டிக் போட்டுவிட்டுக் கத்தியை எடுக்கலாம். காகிதத்தைப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான்.

அடுத்தது மெஷினை நிறுத்தும் உரிமை. டொயோட்டா கார் கம்பெனியின் வேர் தறியில் இருக்கிறது என்பது மில் ஊர்க்காரர்களான நமக்குப் பிடித்த செய்தி. சகிச்சி டொயோடா 1924-இல் முடித்த தானியங்கித் தறியில், நூல் அறுந்தால் தறி தானாக நிற்கும். ஓட்டை விழுந்த துணியை மேலும் மேலும் நெய்துகொண்டே போகாது. அந்த யோசனைதான் பிறகு கார் லைனில் தொழிலாளி இழுக்கும் கயிறாக வந்தது. கலிஃபோர்னியாவில் ஃப்ரீமான்ட் என்ற ஊரில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை 1982-இல் மூடப்பட்டது. தரமும் மோசம், தொழிலாளர் உறவும் மோசம். 1984-இல் டொயோட்டாவோடு கூட்டுச் சேர்ந்து அதே இடத்தில் திறந்தார்கள். எடுத்த ஆட்களில் பெரும்பான்மை அதே பழைய ஆட்கள், அதே சங்கம். கொஞ்ச காலத்திலேயே அமெரிக்காவின் நல்ல ஆலைகளில் ஒன்றானது. ஆட்களை மாற்றலாமா என்று கேட்டீர்களே, அதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். ஜி.எம். தன் மற்ற ஆலைகளுக்கு இதைக் கொண்டுபோகப் பார்த்தபோது அவ்வளவு சுலபமாக வரவில்லை. கயிறு கட்டுவது சுலபம். கயிறை இழுத்தவனிடம் சூப்பர்வைசர் முதலில் என்ன கேட்கிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. உங்கள் பட்டறையில் ஒரு ஆபரேட்டர் 'சந்தேகமா இருக்குங்க' என்று மெஷினை நிறுத்தினால் முதல் கேள்வி 'என்ன ஆச்சு?' என்பதா, 'எத்தனை பீஸ் போச்சு?' என்பதா?

நிறுத்த வேண்டியதை நிறுத்தாதது ஒரு நோய் என்றால், தொட வேண்டாததைத் தொட்டுக்கொண்டே இருப்பது இன்னொன்று. நல்ல, அக்கறையுள்ள ஆட்களுக்கு வருவது பெரும்பாலும் இரண்டாவதுதான். 25 மி.மீ. விட்டம், கூடவும் குறையவும் 20 மைக்ரான் (மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) வரை போகலாம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பீஸ் அளக்கிறார், 6 மைக்ரான் கூட. உடனே ஆஃப்செட்டில் (மெஷினில் வெட்டும் அளவைத் திருத்தும் எண்) 6 குறைக்கிறார். அடுத்தது 5 குறைவு, உடனே 5 ஏற்றுகிறார். பார்க்க எவ்வளவு பொறுப்பான வேலை! ஆனால் மெஷின், மெட்டீரியல், அளக்கும் கை எல்லாவற்றுக்கும் சேர்த்து இயல்பான ஆட்டம் ஒன்று உண்டு. அந்த ஆட்டத்தைத் துரத்தித் துரத்தி ஆஃப்செட் கொடுத்தால் பீஸுக்குப் பீஸ் வித்தியாசம் குறையாது, கூடத்தான் செய்யும். கணக்குப்படி சுமார் 1.4 மடங்கு. அமெரிக்கத் தர நிபுணர் டெமிங் ஒரு புனலையும் கோலிக்குண்டையும் வைத்து இதைத்தான் செய்து காட்டுவார். எது இயல்பான ஆட்டம், எது நிஜமான மாற்றம் என்று பிரித்துச் சொல்லும் கட்டுப்பாட்டு வரைபடத்தை வால்டர் ஷூவர்ட் 1924-இல் போட்டார். அந்தத் தறி முடிந்த அதே வருடம்.

நீங்கள் செய்ய வேண்டியது சின்ன வேலை. ஒரு மெஷினில், ஒரே இன்சர்ட்டில் (வெட்டும் முனை), யாரும் ஆஃப்செட்டைத் தொடாமல் 25 பீஸ் வரிசையாக எடுத்து அளவைக் கோடு போட்ட தாளில் புள்ளி வையுங்கள். புள்ளிகள் மேலும் கீழும் சிதறிக்கிடந்தால் அது மெஷினின் இயல்பு, விட்டுவிடுங்கள். ஒரே பக்கமாக மெதுவாக ஏறினால் இன்சர்ட் தேய்கிறது, அதற்கு ஆஃப்செட் வேண்டும்தான். எத்தனை பீஸுக்கு ஒருமுறை, எவ்வளவு என்று அந்தத் தாளே சொல்லிவிடும். அப்படிக் கிடைத்த எண்ணை வேலைமுறைக் குறிப்பில் எழுதினால் அதை ஆட்கள் மதிப்பார்கள், அவர்கள் கண் முன்னால் வந்த எண் என்பதால்.

முதலாளிகளும் இதே தப்பைச் செய்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு ரிஜெக்ஷன் வந்தால் ஒரு புது விதி, அடுத்த வாரம் அது வராவிட்டால் விதி மறந்துபோகும், மறுபடி வந்தால் இன்னொரு விதி. அதுவும் ஆஃப்செட் அடிப்பதுதான்.

யோசனைப் பெட்டி வைத்திருப்பீர்கள். பூட்டு துருப்பிடித்திருக்கும். டொயோட்டா 1951-லிருந்து தொழிலாளர் யோசனைத் திட்டத்தை நடத்துகிறது, நம் பெட்டி ஏன் மூன்றாவது மாதமே காலியாகிறது? நான் பார்த்த ஒரு இடத்தில் ஆபரேட்டர் ஒருவர் ஜாப்பைப் பிடிக்கும் தாடைகளை மாற்றும் வேலையைச் சுலபமாக்க ஒரு ஸ்டாப்பர் செய்தார். ஷிஃப்டுக்கு 120 பீஸ் ஓடிய இடத்தில் 140 ஓடியது. கூட்டம் போட்டு, சால்வை போர்த்தி, போட்டோ எடுத்தார்கள். அடுத்த திங்கட்கிழமை டார்கெட் 140. அவர் இரண்டு ஷிஃப்டில் 132, 135 போட்டதற்கு மெமோ. அதற்குப் பிறகு அந்தப் பட்டறையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பெட்டியை எங்கே மாட்டுவது, பரிசு எவ்வளவு என்பதெல்லாம் அப்புறம். யோசனை சொன்னால் வேலை பளு ஏறும், அல்லது பக்கத்து ஆள் வீட்டுக்குப் போவான் என்றால் எந்தப் புத்திசாலி சொல்வான்? மிச்சமான நேரத்தில் ஒரு பங்கு ஆபரேட்டருக்குப் போக வேண்டும். மெஷின் துடைக்க, புதுப் பையனுக்குச் சொல்லிக்கொடுக்க, இன்னொரு மெஷின் கற்றுக்கொள்ள. கற்றுக்கொண்டதற்குக் கூலியிலும் கொஞ்சம் ஏற வேண்டும். முதல் ஒரு வருடம் யோசனையால் கூடிய உற்பத்தியை டார்கெட்டில் ஏற்ற மாட்டேன் என்று நீங்களே நின்று சொல்லுங்கள், சொன்னபடி இருங்கள்.

வேலைமுறைக் குறிப்பை லேமினேட் செய்திருக்கிறீர்களா? பிரித்துவிடுங்கள். லேமினேட் செய்த தாளில் யாரும் எழுத முடியாது. சாதாரணத் தாளை பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஒரு சிவப்புப் பேனாவை நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். யார் வேண்டுமானாலும் அடிக்கலாம், எழுதலாம், பேரும் தேதியும் போட்டால் போதும். சூப்பர்வைசர் ஒரு வாரத்துக்குள் தாளை மாற்ற வேண்டும், அல்லது ஏன் மாற்றவில்லை என்று எழுதினவரிடம் நேரில் சொல்ல வேண்டும். 'ஐ.எஸ்.ஓ. ஒத்துக்காதுங்க' என்பார் தரச் சான்றிதழ் வேலையைப் பார்க்கும் உங்கள் எம்.ஆர். அப்படியெல்லாம் இல்லை. ஐ.எஸ்.ஓ. 9001 கேட்பது, மாற்றம் கட்டுப்பாட்டோடு நடக்க வேண்டும் என்பதைத்தான். கையால் திருத்தலாம், இன்னார் கையெழுத்துப் போட வேண்டும் என்று உங்கள் நடைமுறையிலேயே எழுதிவைத்தால் ஆடிட்டர் ஒத்துக்கொள்வார். ஒவ்வொரு தாளின் மேலும் அதற்குப் பொறுப்பான ஒரே ஒரு ஆளின் பேர் இருக்கட்டும். 'தரப் பிரிவு' என்று போட்டால் யாருமில்லை என்று அர்த்தம்.

இன்னொன்று, உங்களிடம் பீகார், ஒடிசாவிலிருந்து வந்த பையன்கள் எத்தனை பேர்? பாதிப் பேர் இருப்பார்கள். தாள் தமிழிலும் இங்கிலீஷிலும் இருக்கும். படம் போடுங்கள். அதைவிட, நல்ல பீஸ் ஒன்றையும் கெட்ட பீஸுக்குச் சிவப்பு அடித்து ஒன்றையும் மெஷின் பக்கத்தில் சங்கிலியில் தொங்கவிட்டால் அதற்கு மொழியே வேண்டாம்.

தரையில் மஞ்சள் கோடு, காலையில் தர உறுதிமொழி, வாசகப் போட்டி எல்லாம் உங்கள் இஷ்டம். கெடுதல் இல்லை, அதை நம்பி இருக்காதீர்கள், அவ்வளவுதான்.

எவ்வளவு நாள் ஆகும் என்பீர்கள். சென்னை பாடியில் இருந்த சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998-இல், தரத்துக்காக ஜப்பானில் தரும் டெமிங் விருதை வாங்கியது, இந்தியாவில் முதல் கம்பெனி. அதற்குப் பின்னால் வருடக்கணக்கான உழைப்பு இருந்தது. உங்களுக்கு விருது வேண்டாம். ஆனால் நாற்பது பேர் பட்டறைக்கும் ஆறு மாதக் கணக்கு பொருந்தாது.

எல்லாவற்றையும் ஒன்றாக ஆரம்பிக்காதீர்கள். ரிஜெக்ஷன் அதிகம் வரும் ஒரே ஒரு மெஷினை எடுங்கள். வாரம் ஒருமுறை, மாதத்தில் ஒரு தடவையாவது நைட் ஷிஃப்டில், நீங்களே ஒரு மணி நேரம் பக்கத்தில் நில்லுங்கள். ஃபோனை ஆபீஸில் வைத்துவிட்டுப் போங்கள். தாளைக் கையில் வைத்து, நடப்பதும் எழுதியிருப்பதும் எங்கே பிரிகிறது என்று மட்டும் பாருங்கள். முதல் மாதம் திட்டவே கூடாது. அது கஷ்டம், தெரியும். மூன்று மாதம் கழித்து அந்த மெஷின் தாள் சிவப்பு மையால் நிறைந்திருந்தால் அடுத்த மெஷினுக்குப் போங்கள். ஆலோசகரை அப்போது கூப்பிடலாம், கட்டுப்பாட்டு வரைபடம் போடச் சொல்லிக்கொடுக்க மட்டும்.

ஒரு எச்சரிக்கை. இதை ஆரம்பித்த முதல் மாதம் உங்கள் கணக்குகள் மோசமாகத் தெரியும். செக் ஷீட்டில் 'பார்க்கவில்லை' கூடும், ரீவொர்க் எண்ணிக்கை ஏறும், மெஷின் நின்ற நேரம் ஏறும். இதுவரை எழுதாமல் விட்டது இப்போது எழுத்தில் வருகிறது. அந்த மாதம் பார்த்து கஸ்டமர் ஆடிட் வந்தால் ஷீட்டை மாற்றி எழுதச் சொல்லாதீர்கள். அப்படியே எடுத்துக் காட்டுங்கள், பக்கத்தில் நின்று விளக்குவது அந்த மெஷின் ஆபரேட்டராக இருக்கட்டும்.